மாசி மகத்து முழுக்கு

பொன்னிம்மா, நீ வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி. குறையாகச் சொல்லவில்லை. இந்த வயதில் எனக்கு ஆகாது, அவ்வளவுதான். நீதான் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. நான் இந்தக் காகிதங்களை நிரப்புவதற்குள் போய் இரண்டு இட்லி தின்றுவிட்டு வா. நான் எங்கேயும் ஓட மாட்டேன். பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடுவது?

சட்டையில் பேர் குத்தியிருப்பதைப் பார்த்துத்தான் பொன்னி என்கிறேன். சப்-இன்ஸ்பெக்டர் அம்மாவை நீ, வா, போ என்று எழுதுவது தப்பென்றால் மேலே அடித்துத் திருத்திக்கொள். எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தால் உன் வயதுதான் இருக்கும்.

உள்ளே வரும்போது செழியனைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதை அம்மா பார்க்கிறாளே என்று வெட்கம். நாலு நாளாக அவனை வைத்திருக்கிறீர்கள். அவன் பொண்டாட்டியின் மாத்திரையை அவன் மாற்றவில்லை. நான் மாற்றினேன். அதை எழுதிக் கொடுக்கத்தான் வந்தேன்.

"உங்க கையாலயே எழுதிக் குடுங்கம்மா, முதல்லருந்து" என்று சொன்னாய். நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. பொட்டலம் மடித்து வந்த பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டியவள். ஆனால் ஒன்றை முன்பின் மாறாமல் சொல்ல எனக்கு வரும். எங்கள் சந்துப் பெண்கள் சாயங்காலமானால் "மணியம்மா, ஒரு கதை சொல்லேன்" என்று என்னைத்தான் சுற்றி உட்காருவார்கள். அதே மாதிரி உனக்கும் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் முருகையன் லாரி ஓட்டினார். செழியனுக்கு மூன்று வயதில் செங்கம் தாண்டி ஒரு புளியமரத்தில் மோதிப் போய்ச் சேர்ந்தார். ஆசிரமத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. மாடியில் இருக்கும் இரண்டு ரூமும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகை. கீழே நானும் அவனும்.

ஏழு வயதில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கை காலெல்லாம் இழுத்துக்கொண்டு, கண் மேலே சொருகி, வாயில் நுரை தள்ளிவிட்டது. பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கைக்குள் வீட்டுச் சாவியைத் திணித்து, அவன் மேல் குப்புறப் படுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் அண்ணாமலையார் மலை தெரிந்தது. புள்ளைய வுட்டுடு, நானும் அவனும் உயிரு இருக்கிற வரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி உன்னைச் சுத்தி வர்றோம்னு மலையிடம் சொன்னேன். மலை விட்டுவிட்டது.

இருபத்துநாலு வருஷம். அடைமழை ஐப்பசியிலும் நடந்தோம். எனக்குக் கணுக்கால் பிசகிய சித்திரையில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் சாயங்காலம் வந்து பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு கிளம்பினான். செருப்பில்லாத நாலு கால். ஒரு பௌர்ணமி தப்பியதில்லை. இதை நீ கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளம்மா.

போன தையில் கல்யாணம். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை உடைக்கிற மிஷின் வைத்திருக்கும் பலராமனின் ஒரே பெண், அருணாதேவி. நான்தான் பார்த்தேன், நான்தான் பேசினேன். பெண் நல்ல பெண். இதில் நான் பொய் சொல்ல மாட்டேன். விடிந்ததும் வாசல் தெளிப்பாள். மாடியில் இருப்பவர்களோடு இங்கிலீஷில் பேசுவாள். எனக்குக் கால் மரத்துப்போனால் கேட்காமலே தேய்த்துவிடுவாள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எனக்குக் கோபமே வராது, எங்கள் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேள்.

வந்த நாலாம் நாள் இரண்டு பேரும் கூடத்தில் ஒரு படப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஹனிமூனாம். அந்தமானாம். ஊர் சுற்றிப் பார்க்க ஆபீசில் லீவும் டிக்கெட்டும் கொடுக்கிறார்களாம், இவன் இத்தனை வருஷம் அதைத் தொட்டதே இல்லை.

"எம்மா, இதப் பாரேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது."

"கண்ணாடி நம்ம வீட்லயே இருக்குதே. அதுக்கு எதுக்குடா ப்ளேனு?"

அருணா விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தை, நீங்களும் வாங்க. இவரு ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம், நடுவுல நானு. மூணு பேரும் கைய கோத்துக்கினு கடல்ல நிக்கலாம்."

நடுவில் அவள். கவனித்தாயா?

அதற்கப்புறம் தினம் அதே பேச்சு. சாம்பார் தாளிக்கும்போது தீவு, துணி மடிக்கும்போது தீவு. ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஞாயிறு கடல், திங்கள் படகு, செவ்வாய் மறுபடி கடல் என்று இருந்தது. தொப்பி வாங்க வேண்டும், அவருக்கு வெயில் ஆகாது என்று ஒரு வரி. முப்பத்தோரு வருஷமாக இந்த ஊர் வெயிலில் வளர்த்தவள் நான். அவனுக்கு வெயில் ஆகாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மாடியில் இருந்த வெள்ளைக்காரம்மா ஒரு படக் கார்டு கொடுத்திருந்தாள். நீலக் கடல், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. அதை அருணா கூடத்துக் காலண்டர் மேல் ஒட்டினாள். அந்தக் காலண்டரில்தான் பௌர்ணமிக்கெல்லாம் நான் சிவப்பு வட்டம் போட்டு வைப்பது. கார்டின் கீழ் ஓரம் சரியாக மாசி பௌர்ணமியை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

"அருணா, அந்தத் தேதியில நாங்க மலை சுத்தணுமேம்மா" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன்.

"அதான் அத்தை அந்தத் தேதியாப் பார்த்துப் போட்டேன். பௌர்ணமி அன்னிக்கு அங்க கடலு வெள்ளிய உருக்கி ஊத்தின மாதிரி இருக்குமாம். மாடியம்மா சொன்னாங்க."

அந்தத் தேதியாப் பார்த்து. தெரியாமல் செய்தாள் என்றால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

நாலு நாள் தள்ளிப் போகச் சொல்லிப் பிள்ளையிடம் கேட்டேன். டிக்கெட் போட்டாகிவிட்டது என்றான். "ஒரே ஒரு மாசம்மா. மலை கோச்சுக்காது" என்று என் கன்னத்தைக் கிள்ளினான். மலை கோபித்துக்கொள்ளாது, நியாயம்தான். மலை கல்தானே.

மாத்திரைக்கு வருகிறேன். அவர்கள் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவள் பெட்டியில் துணி அடுக்கிக் கொடுத்தேன். கேமராவுக்குப் போடும் பிலிம் ரோல் டப்பா மூன்று இருந்தது. கறுப்பு டப்பா, சாம்பல் மூடி. ஒன்றை எடுத்தபோது உள்ளே சலசலவென்றது. பிலிம் சலசலக்காது. திறந்தேன். வெள்ளை மாத்திரைகள், நடுவில் ஒரு கோடு. ஒன்றை எடுத்துக்கொண்டு காசி மெடிக்கலுக்குப் போனேன்.

"ஆயா, இது வலிப்புக்குப் போடறது. யாருக்கு?"

"மாடியில இருக்கிற வெள்ளைக்காரிக்குப்பா. கீழ கெடந்துது."

"பத்திரமாக் குடுத்துடுங்க. இது ஒரு வேளைகூட வுடக்கூடாது. வுட்டா நாலஞ்சு நாள்ல திரும்ப வந்துடும்."

காசி நல்லவன். யாரும் கேட்காமலே விவரம் சொல்லுவான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் காது இரண்டும் கொதித்தது. இதைக் கோபம் என்று எழுதிக்கொள்ளாதே. அநியாயம் என்று எழுதிக்கொள். சபையில் நூறு பேர் நடுவில், வெற்றிலைத் தட்டின் மேல் கை வைத்து, "எங்க பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லைங்க சம்மந்தியம்மா" என்று சொன்னவர் பலராமன். ஒன்பது வருஷமாக அந்தப் பெண்ணுக்கு அந்த மாத்திரை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. ஒரு விதவை, படிக்காதவள், ஏமாற்றினால் என்ன செய்துவிடுவாள் என்றுதானே? வலிப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஊரிலேயே அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் யார்?

வாயால் சொன்னால் என் பிள்ளை நம்ப மாட்டான். அவள் சிரித்தால் போதும், அவனுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அங்கே, அந்தக் கண்ணாடித் தண்ணீர்ப் பக்கத்தில், ஒரு தரம் கை கால் இழுத்து விழட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கூட்டிக்கொண்டு வருவான். பலராமன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு என்னிடம் வருவான். அவ்வளவுதான் என் கணக்கு. ஒரு உயிர் போக வேண்டும் என்று எந்தத் தாய் நினைப்பாள்?

என் கால் மரமரப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையும் வெள்ளைதான், அதே அளவுதான். கோடு மட்டும் கிடையாது. தினமும் பழக்கத்தில் எடுத்து வாயில் போடுகிறவள் கோட்டைத் தேடியா பார்ப்பாள்? கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இரண்டு பேரும் தொப்பி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். டப்பாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு என்னுடையதைப் போட்டேன். எடுத்ததைக் கோயில் விபூதிப் பொட்டலத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். இதோ, இந்தக் காகிதத்தோடு அதையும் வைக்கிறேன். எண்ணிக்கொள். கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள். அதற்கப்புறமாவது என் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பு.

காலையில் என் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். "வேளைக்கு சாப்புடுங்க அத்தை. காலுக்குத் தைலம் அலமாரியில வெச்சிருக்கேன்" என்றாள். நல்ல பெண் என்று முதலிலேயே சொன்னேனே.

மாசி மகம் அவர்கள் போன ஐந்தாம் நாள் வந்தது. பௌர்ணமியும் அன்றைக்குத்தான். நீ வெளியூர்ப் பெண்ணாக இருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அண்ணாமலையாரே பிள்ளையாக நின்று, வருஷா வருஷம் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்குப் போய் அவருக்குத் திதி கொடுத்துவிட்டு வருகிறார். கடவுள் அவர். அவரே பிள்ளைக் கடமையை ஒரு வருஷம் விட்டதில்லை.

அன்று காலையில் செழியன் தீவிலிருந்து போன் பண்ணினான். சௌக்கியமா என்று கேட்டான். பேசினோம். பிறகு நான் டவுன் பஸ் பிடித்து பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் சாமி பார்த்தேன். நல்ல கூட்டம். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"எம்மா, அருணா போயிட்டாம்மா."

இடுப்பளவு தண்ணீர்தானாம். முதல் முழுக்கில் எழுந்தாள், சிரித்தாள். இரண்டாவதில் எழவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்து இவன் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறான். தூக்கிக் கரையில் போட்டபோது கை கால் இன்னும் வெட்டிக்கொண்டிருந்ததாம். "ரூம் சாவிய அவ கைக்குள்ள வெச்சு அழுத்தினேம்மா. நீ எனக்கு வெச்சியே, அதே மாதிரி" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

நான் போனை வைத்துவிட்டுக் குளித்தேன். வேறு புடவை கட்டிக்கொண்டு மலை சுற்றக் கிளம்பினேன். சாவு வீட்டில் தீட்டு என்பார்கள். உடம்பு வீட்டுக்கு வரவில்லையே, அதற்குள் தீட்டு எங்கிருந்து வரும்? இரண்டு பேராகச் சுற்றுகிறோம் என்று வேண்டிக்கொண்டதில் ஒருத்தியாவது சுற்ற வேண்டாமா? விபூதிப் பொட்டலம் இடுப்பில் இருந்தது. கூட்டத்தில் யாரும் என்னை இடிக்கவில்லை. நிலா நன்றாக இருந்தது.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் செத்தால் ஆர்டிஓ விசாரணை. அவள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். பலராமன் அந்தக் கறுப்பு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "கோடு இல்ல, எம் பொண்ணு மாத்திரையில கோடு இருக்கும்" என்று தெருவே கூடும்படி கத்தினார். ஒன்பது வருஷம் வாங்கிக் கொடுத்தவருக்கு அடையாளம் தெரியாதா? மாப்பிள்ளைதான் மாற்றிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார். நீங்கள் செழியனைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

இவ்வளவுதான் நடந்தது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

*

நீ வந்து படித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டாய். வாயால் சொன்னால் போதாது, அதையும் எழுதுங்கள் என்கிறாய். எழுதுகிறேன். உன் முகம் ஏன் அப்படி ஆகிவிட்டது? சாப்பிட்டாயா இல்லையா?

முதல் கேள்வி. "உங்க பையனுக்கு வலிப்பு விஷயம் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு ஆரம்பத்துலருந்தே தெரியும்னு அவரு சொல்றாரே."

தெரியாது என்று நான் எங்கே எழுதினேன்? வாயால் சொன்னால் நம்ப மாட்டான் என்றுதானே எழுதினேன். சரி. சொன்னேன். காசி கடையிலிருந்து வந்த அன்றைக்கே, அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு மாத்திரையை இலை ஓரத்தில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். அருணா மாடியில் இருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

"தெரியும்மா. பொண்ணு பார்க்கப் போனன்னிக்கே தனியாக் கூப்புட்டு சொல்லிட்டா. மாமா வேணாம்னு தடுத்தும் கேக்கல. எனக்கும் சின்ன வயசுல வந்துதுன்னு நான் சொன்னேன். நீ என்னை வுட்டுட்டியாம்மா? அப்புறம் நான் எப்புடி அவள வுடறது?"

என்னை அவளோடு சேர்த்துச் சொன்னான் பொன்னிம்மா. நான் அவன் மேல் படுத்துப் பிடித்திருந்தேனே, இருபத்துநாலு வருஷம் வெறுங்காலில் நடந்தேனே, அத்தனையையும் எடுத்து, வந்து பத்து நாள் ஆகாத ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, உன்னிடம் கற்றுக்கொண்டதுதான் என்கிறான். அதற்கப்புறம்தான் மாத்திரையை மாற்றினேன். கோபம் இல்லை. அப்போதும் கோபம் இல்லை.

இரண்டாவது கேள்வி. "மாசி மகத்தன்னிக்குக் காலையில போன்ல என்ன பேசினீங்க? அதை மட்டும் அவரு வாயத் திறக்க மாட்டேங்கறாரு."

வாயைத் திறக்க மாட்டேன் என்கிறானா? பார்த்தாயா. அவன் என் பிள்ளை.

நான் சொல்கிறேன். "எம்மா, அருணாவுக்கு ரெண்டு நாளா சரியில்ல. கை தன்னால வெட்டி வெட்டி இழுக்குது. மாத்திரை வேளை தவறாமத்தான் போடறா. எனக்கு பயமா இருக்குதும்மா. இப்பவே கெளம்பி வந்துடட்டுமா?" என்றான்.

அதற்குள் பின்னாலிருந்து அவள், "அவுங்கள ஏன் பயமுறுத்துறீங்க, இப்புடி குடுங்க" என்று போனை வாங்கினாள். "ஒண்ணும் இல்லைங்க அத்தை. அலையப் பார்த்துட்டே இருந்தேனா, அதான் கிறுகிறுன்னுது. நீங்க சாப்டீங்களா? காலு எப்புடி இருக்குது?"

"கால் பரவாயில்லம்மா" என்றேன். "இன்னிக்கு மாசி மகம். ஊரே தேடிப் போய் முழுகற நாளு. கடல்கரையில இருந்துகினு முழுகாம வரக்கூடாது. மூணு முழுக்கு, தலை நனையணும். அவன் பயந்தாங்குளி, வேணாம்பான். நீ முதல்ல எறங்கு. முழுகிட்டு அப்புறமா கெளம்புங்க."

"சரிங்க அத்தை" என்றாள். நான் சொன்ன எதையும் அவள் தட்டியதில்லை.

ஏன் அப்படிச் சொன்னீர்கள், அவர்தான் கிளம்பி வருகிறேன் என்றாரே, நீங்கள் கேட்டது அதுதானே என்கிறாய். நானும் யோசித்துப் பார்த்தேன். கிளம்பித்தான் வந்திருப்பான். ஆனால் இரண்டு பேராக வந்திருப்பார்கள்.

சரி, எழுதி முடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பங்குனிப் பௌர்ணமி. அதற்கு முன்னால் அவனை விட்டுவிடு தாயே. எனக்குப் பதிலாக யாரும் வேண்டாம், அவன் தனியாகவே சுற்றட்டும். கொஞ்சம் அவன் ரூம் பக்கம் போய், முகத்தை இந்தப் பக்கம் திருப்பச் சொல். அம்மாவிடம் அவனுக்கு என்ன வெட்கம்?